இரண்டு வரிசைப் பொத்தான்

ஐந்தே முக்கால் பஸ்.
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி இறங்குகிறேன்.
இருபதாவது வளைவில் ஸ்வெட்டர்.
பன்னிரண்டில் அது மடிக்கு வந்துவிட்டது.
ஏழில் காது அடைத்தது.
மூன்றில், எப்போதும்போல, ஜன்னல்.
நல்லவேளை, வெள்ளைக் கோட்டு பைக்குள் இருந்தது.

அடிவாரம் செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
துணிச்சுருளை விரித்தால்
ஏழு கத்திகள், உயரவாரியாக.
"என்னம்மா இது?"
"படிப்பு சார்."
சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.
பெரிய கத்தியின் முதுகைத் தடவி
"கோழி வெட்டுமா?" என்றார்.
"தெரியலை சார், இன்னைக்குத்தான் முத நாள்."
அஸ்தம்பட்டி வரை
என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர்.
எதற்காகச் சேர்ந்தீர்கள், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.
கப்பல், என்றான் ஆத்தூர் இம்தியாஸ்.
கப்பல், என்றான் மேச்சேரி தவசீலன்.
கப்பல் கப்பல் கப்பல்.
கடல் எட்டிப்பார்க்காத சேலத்தில்
ஒன்பதரைக்குள் ஒரு துறைமுகமே கட்டிவிட்டார்கள்.
என் முறை வந்தது.
ஏரிக்கரையில் நாலு வருஷம்
அக்கா புருஷன் கடையில் பிரெட் ஆம்லெட் போட்டேன்,
ஞாயிற்றுக்கிழமை என்றால் முந்நூறு முட்டை,
ஒற்றைக் கையால் உடைப்பேன், ஓடு ஒரு துணுக்கு விழுந்ததில்லை,
இவ்வளவும் சொல்ல நினைத்து
"மிதிபடகு" என்றேன்.
ஒருவருக்கும் புரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்.

அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.
அதுதான் தாங்கவில்லை எனக்கு.
பன்னிரண்டு அடுப்பு, ஒன்றின் மேலும் ஒரு சட்டி இல்லை.
கை கழுவச் சொல்லிக்கொடுத்தார்கள்,
நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை, இருபது எண்ணும்வரை.
இருபது என்றதும் எனக்கு வயிறு புரண்டது.

பிறகு உருளைக்கிழங்கு.
உருண்டையாய்ப் பிறந்ததைச்
சதுரமாக்க வேண்டுமாம்,
எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு சென்டிமீட்டர்.
ஷெஃப் மரியலூயிஸ் என் கட்டை ஒன்றை எடுத்து
ஸ்கேலில் வைத்தார்.
"இந்தப் பக்கம் ஏற்காடு, இந்தப் பக்கம் சேலம்" என்று
திருப்பி வைத்துவிட்டுப் போனார்.
ஒரு கிலோவில்
சதுரமாய்த் தேறியது நானூறு கிராம்.
மற்றதெல்லாம் சூப்புக்கு.
கடையில் இப்படிச் செதுக்கியிருந்தால்
மாமா என்னையும் சூப்புக்கு அனுப்பியிருப்பார்.

இரண்டாவது கிலோவில் விரல் நழுவியது.
நாலு வருஷத்தில் சூடு பட்டிருக்கிறது, வெட்டு இதுதான் முதல்.
நீல பிளாஸ்டர் ஒட்டினார்கள்.
எந்தக் காயும் நீலம் கிடையாதாம், கழன்று விழுந்தால் தெரியுமாம்.
கத்தரிக்காய், என்று வாய்வரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

கோட்டின் மார்பில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு.
இம்தியாஸ்தான் சொன்னான்:
ரெண்டு வரிசைப் பொத்தான் சும்மாவா வெச்சிருக்கான்?
கறை பட்டா அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளு,
இந்தப் பக்கத்தை மேலே போட்டுப் பூட்டு.
சாப்பிட வர்றவனுக்கு
உள்ளே என்ன நடந்துச்சுன்னே தெரியாது.
பூட்டினேன்.
வெள்ளையாக இருந்தது, இஸ்திரிக் கடையிலிருந்து வந்ததுபோல.

சாயங்காலம் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு ஏறினேன்.
ஏறும்போது எனக்குக் குமட்டாது, ஏன் என்று தெரியவில்லை.
விரலில் பச்சைக் கிழங்கு வாசம்.
பன்னிரண்டாவது வளைவில்
டிக்கெட் வாங்காமல் குளிர் ஏறிக்கொண்டது.
ஸ்வெட்டரைத் தேடினேன். காலை பஸ்ஸோடு போய்விட்டது.
கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் கேட்பார்கள், என்ன சமைத்தாய் என்று.
எண்ணூறு கட்டை.
அதில் நேராக நின்றது ஐம்பது இருக்கும்.

பத்தொன்பதாவது வளைவில், கண்டக்டர் பார்க்கப் பார்க்க,
பொத்தான்களை ஒவ்வொன்றாய் அவிழ்த்து
கறைபட்ட பக்கத்தை
மேலே போட்டுப் பூட்டினேன்.